மண்வள அட்டையின் நாகரிகம்

பெறுநர்: மண்வள அட்டைப் பிரிவு, ஒன்றிய வேளாண் அமைச்சகம், புதுடெல்லி
அனுப்புநர்: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் கீரைப்பாத்தி வைத்திருப்போர்

ஐயா,

2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கிவைக்கப்பட்ட தங்கள் மண்வள அட்டையைப் பார்த்துப் பூரித்துப்போனோம். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், போரான் என்று 12 விஷயங்களை விசாரிக்கிறது. எங்கள் ஊர்த் தோல் ஆலைகள் விடும் குரோமியத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சம்பந்தி வீட்டுக் குறையைச் சபையில் கேட்காத பெரிய மனிதரின் நாகரிகம் இது.

அட்டை வருவதற்கு 19 நாள் முன்புதான் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்திலிருந்த தொழிலாளர்கள். அப்படியிருந்தும் அட்டை வாய் திறக்கவில்லை.

உப்பு விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம் பிசகிவிட்டது. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு, கழுவுநீரோடு பாலாற்றிலும் கிணற்றிலும் இறங்குவதை ‘மின் கடத்துதிறன்’ என்ற கட்டம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. போகட்டும், மன்னித்தோம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது ஒரு காலம். இப்போது பெரும்பாலும் குரோம் உப்பு. அதிலிருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். மண்ணைப் பிடித்துக்கொண்டு அதிகம் நகராது. ஆறு இணைதிறன் வகையோ தண்ணீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவில் இருப்பது இந்த ரகம். முளைக்கீரை எதை உறிஞ்சினாலும் பச்சையாகத்தான் இருக்கிறது. அட்டை யூரியா அளவு சொல்கிறது. குரோமியத்துக்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை போடலாம்?

உச்ச நீதிமன்றத்துக்குத் தங்கள் நாகரிகம் வரவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை வெளிப்படையாக எழுதி, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30 அன்று, இழப்பீட்டை மாநில அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கும்படி மறுபடியும் சொல்ல வேண்டிவந்தது. இடையில் ஒரு தலைமுறை வளர்ந்து, அந்த ஆலைகளுக்கே வேலைக்கும் போய்விட்டது. ஆலையை மூடச்சொல்லி இதை எழுதவில்லை ஐயா, எங்கள் அடுப்பும் அதில்தான் எரிகிறது.

அடுத்த முறை அட்டை அச்சடிக்கும்போது, தோல் பதனிடும் ஊர்களுக்காவது இரண்டு வரி கூடுதலாகப் போடுங்கள்: மொத்த குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம். பள்ளிக்கூடத் தோட்டங்களில் முதலில் மண் எடுங்கள். பாய்ச்சும் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரு பாட்டில் எடுத்துப்போங்கள்.