ஊவா மலைச்சரிவில் ஓட்டோப் பெயாரிங்கின் அகால மரணம்: ஓர் ஆராய்ச்சி

பந்தயக் கார் ஓட்டுகிறவர்களுக்குச் சில்லுப் பெயாரிங் தீராத கவலை. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசை, பிரேக்கிலிருந்து ஏறும் சூடு, ஓடுபாதை ஓரத்தில் ஏறி இறங்கும் அதிர்ச்சி எல்லாம் சேர்ந்து, வீட்டுக் காரில் வருஷக்கணக்கில் உழைக்கிற பெயாரிங்கை அங்கே சில பந்தயங்களிலேயே முனக வைத்துவிடுகின்றன. இந்த நோய்க்கு மருந்தும் பத்தியமும் எழுதிய நிபுணர்கள், எல்ல ரயில் நிலையத்து வாசலில் வெள்ளைக்காரப் பயணிகளுக்காகக் காத்து நிற்கும் ஓட்டோவின் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஓட்டோ சகல இலட்சணங்களும் பொருந்திய ஒரு பந்தய வாகனம் என்பது இக்கட்டுரையின் துணிபு. அதன் பெயாரிங் பாரத்தாலோ வயதாலோ சாவதில்லை; உள்ளேயிருக்கும் கிரீஸ் முதலில் சாகிறது, பெயாரிங் உடன்கட்டை ஏறுகிறது.

உண்மையான பந்தயத்தையே எடுத்து ஆராயலாமே என்று கேட்கலாம். பக்கத்திலேயே தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் திடல் இருக்கிறது. ஆனால் 2024 ஏப்ரலில் அங்கே நடந்த பந்தய விபத்தில் 7 உயிர்கள் போனபின் அந்தத் திடலை வேடிக்கைக் கட்டுரைக்குள் இழுக்க மனம் ஒப்பவில்லை. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 முதல் பேர்பெற்றது. எனினும் அதில் ஒரு வழுவுண்டு. அங்கே கார்கள் மேலே ஏறுவதற்குத்தான் நேரம் குறிக்கிறார்கள். ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு; பிரேக் சூடாகாத இடத்தில் பெயாரிங்கின் உண்மையான சோதனையும் இல்லை. ஓட்டோக்காரருக்கோ ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும். அதற்கு யாரும் கிண்ணம் கொடுப்பதில்லை.

வேகத்தை வைத்து ஒரு மறுப்பு வரும்: மணிக்கு 40 கிலோமீற்றரில் உருளும் வண்டிக்கும் பந்தயக் காருக்கும் என்ன சம்பந்தம்? மறுப்பாளர் சில்லின் அளவைப் பார்க்கவில்லை. பெயாரிங்குக்குக் கிலோமீற்றர் தெரியாது, சுற்று மட்டுமே தெரியும். 8 அங்குல ரிம்மில் ஏறிய ஓட்டோ டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.3 மீற்றர், கார்ச் சில்லுக்கு அது 2 மீற்றர் வரை வரும். கார் ஒரு கிலோமீற்றருக்கு 500 தடவை சுற்றினால் ஓட்டோ 770 தடவை சுற்றுகிறது. அதாவது 40இல் போகும் ஓட்டோவின் பெயாரிங், தான் 60ஐத் தாண்டிய காரில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது. தவிர, பெரிய சில்லு தாவிப்போகும் குழிக்குள் சின்னச் சில்லு முழுசாக இறங்கி ஏறும். தோட்டப் பாதையில் ஓடுபாதை ஓரம் என்று தனியாக ஒன்று கிடையாது; பாதை முழுவதும் ஓரம்தான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பந்தயக் கார் தன் எடைக்கு நிகரான பக்கவாட்டு விசையை வளைவில் தாங்கும். ஓட்டோ அந்த விசை வருமுன்பே கவிழ்ந்துவிடும். பெயாரிங்கைக் காக்க இயற்கை வைத்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம், பயணிகள் ஒப்பமாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது: மூன்று பேர் ஏறும் வண்டியில் ஆறு பிள்ளைகளையும் ஒரு மா மூட்டையையும் ஏற்றினால் பெயாரிங் போகாமல் என்ன செய்யும்? இதற்கு விடை சொல்லச் சுவீடனுக்குப் போக வேண்டும். 1947இல் லண்ட்பெர்க், பாம்கிரென் என்ற இருவர், பந்துப் பெயாரிங்கின் ஆயுள் பாரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று வகுத்தார்கள். பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று; கால்வாசி கூடினாலே ஏறத்தாழ பாதி. மறுப்பாளர் இந்த இடத்தில் வெற்றிப் புன்னகை செய்வார், செய்யட்டும். ஆனால் அதே சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். உதிரிப்பாகக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 6204 இலக்கப் பெயாரிங்கை உதாரணத்துக்கு எடுத்தால், அதன் தாங்குதிறன் ஏறக்குறைய 13 கிலோநியூட்டன். அதன்மேல் 2 கிலோநியூட்டன், அதாவது 200 கிலோ எடையளவு, சுமத்தினால் கிடைக்கும் ஆயுள் 27 கோடிச் சுற்று. ஓட்டோச் சில்லில் சுமார் மூன்றரை இலட்சம் கிலோமீற்றர். பாரத்தை இரட்டித்தாலும் 40 ஆயிரத்துக்கு மேல். நூறு பெயாரிங்கில் தொண்ணூறு இந்தத் தூரத்தைத் தாண்டும் என்பது அந்தச் சுவீடன்காரர் கொடுத்த வாக்கு. ஆகவே ஒரே மழைக்காலத்தில் ஒரு பெயாரிங் கரகரக்கத் தொடங்கினால், மா மூட்டையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல. அந்த வாக்கில் ஒரு நிபந்தனை அடங்கியிருந்தது: கிரீஸ் சுத்தமாகவும் உயிரோடும் இருக்க வேண்டும்.

கிரீஸை முதலில் கொல்வது சூடு. நமுனுகுல மலைச்சரிவுத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனிலிருந்து, ஆட்களோடு 600 கிலோ எடையுள்ள ஓட்டோ 300 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று வைப்போம். அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி 5 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். காற்றும் டயரும் கால்பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சத்தை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்? இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுவதும் பிரேக் டிரம்முக்குப் போகும். ஓட்டோவில் டிரம்மும் ஹப்பும் ஒட்டிப் பிறந்தவை, பெயாரிங் அந்த வீட்டின் நடு அறையில் குடியிருக்கிறது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குத் தொடக்கத்தில் வாரம் 5 லீற்றர்தான் கிடைத்தது. இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்துக்கு அதைவிடப் பெரிய உபதேசம் தேவையில்லை. பெற்றோல் மிச்சம்தானே என்பார்கள். ஆனால் 70 பாகைக்கு மேல் ஒவ்வொரு 15 பாகைக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது பெயாரிங் தொழிலின் பொதுக்கணக்கு. மிச்சம் பிடித்த பெற்றோலைக் கிரீஸ் தன் ஆயுளால் கட்டுகிறது. பிரேக் தேய்ந்து, சூட்டில் பிடி விட்டு, வண்டி நிற்காமலே போவது வேறு கணக்கு. அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது, ஓட்டுநரின் கவனத்துக்கு அப்பாற்பட்டதல்ல.

சூட்டில் பிழைத்ததைத் தண்ணீர் கொல்கிறது. இறங்கிவந்த சூட்டோடு ஓடையில் சில்லை விட்டாலோ, பைப் தண்ணீரைப் பீய்ச்சினாலோ, ஹப்புக்குள்ளிருந்த சூடான காற்று சட்டெனச் சுருங்கி, சீலின் ஓரத்து ஈரத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கராஜில் ஹப்பைக் கழற்றும் பாஸ் விரலில் தொட்டுப் பார்ப்பதே பிரேதப் பரிசோதனை. கிரீஸ் கறுத்து, கட்டிதட்டி, கருகல் வாடை அடித்தால் மரணம் சூட்டினால். வெளுத்து, நுரைத்து, பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீரால். பந்துகள் ஓடும் தடத்தில் சம இடைவெளியில் குழிகள் தெரிந்தால், அந்தக் கொலையில் பெரும்பாலும் பாஸே முதல் சந்தேகநபர். வெளிவளையத்தை இருக்கையில் இறுக்க உள்வளையத்தில் சுத்தியலால் அடிக்கும்போது அடி முழுவதும் பந்துகள் வழியாகப் போய்த் தடத்தைக் குத்துகிறது. அந்தப் பெயாரிங் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமலே நோயாளி. பந்தயக் கராஜில் பிரஸ் வைத்து, எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்துமோ அந்த வளையத்தை மட்டும் அழுத்துவார்கள். பிரஸ் இல்லாத இடத்தில் பழைய பெயாரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்துத் தட்டினாலும் அதே நியாயம் நிறைவேறும், காசும் செலவில்லை.

ஒரிஜினல் பெயாரிங் போட்டால் இவையெல்லாம் தேவையா என்பது கடைக்காரர் தரப்பு வாதம். போலிச் சரக்கு சீக்கிரம் போகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நல்ல பெயாரிங்கில் நிரம்பிய தண்ணீருக்குப் பெட்டியிலிருந்த முத்திரையை வாசிக்கத் தெரியாது. அதிகச் சூடு தாங்கும் லித்தியம் கொம்ப்ளெக்ஸ் கிரீஸும் புதுச் சீலும் வாங்கப் போகும் காசு, ஒரிஜினலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் நடுவே பேரம்பேசும் காசைவிட நல்ல வேலை செய்யும். கிரீஸையும் அடைத்து வழிய விடக்கூடாது. உள்ளேயிருக்கும் வெற்றிடத்தில் மூன்றிலொரு பங்கு, மிஞ்சினால் பாதி. அதற்கு மேல் போனால் கிரீஸ் தன்னைத்தானே கடைந்து சூடேறும். தாராள மனசு கராஜில் கெடுதல் செய்யும் அபூர்வமான இடம் இது.

காலக்கணக்கில் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஊவாவின் பெருமழை வடகீழ்ப் பருவத்தில் வருகிறது. அதற்குச் சற்று முன்னே ஆயுத பூசை. அன்று காலை ஓட்டோவை மேலிருந்து கீழ்வரை அழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவி, ஹப்பின் சீலையும் விட்டுவைக்காமல், வருஷத்தின் மிக ஈரமான மாதங்களுக்குள் அனுப்புகிறோம். பக்தியை இங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. சந்தனமும் குங்குமமும் கண்ணாடியோடு நின்றுவிடுகின்றன, மாலை ஹாண்டிலில் தொங்குகிறது, எலுமிச்சையின் சாறு டயரைத் தாண்டி அச்சுவரை ஏறியதற்குச் சான்றில்லை. பைப்பை மட்டும் ஹப்பிலிருந்து திருப்பிப் பிடிக்கலாம். அதே வாரத்தில் மூன்று சில்லையும் கழற்றிப் புதுக் கிரீஸ் வைக்கலாம். காருக்கு நாலு எலுமிச்சை வேண்டும், ஓட்டோவுக்கு மூன்று போதும். நாலாவது பழத்தின் காசு கிரீஸ் டப்பாவுக்குக் காணாது என்றாலும் கணக்கைத் தொடங்க உதவும்.