பாடிக்கு எர்த் கொடுத்தல்: பழைய அம்பாசிடரில் பாட்டுப்பெட்டி பொருத்துவது பற்றிய பாடபேத ஆய்வு

1. பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது நம் இலக்கண மரபு. ஆகவே முறைப்படியே தொடங்குகிறேன். ஆக்கியோன்: 1984ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 4 ஒன்றுக்கு மூன்றாம் உரிமையாளன். எல்லை: வடக்கே ரேடியேட்டர், தெற்கே டிக்கி, கிழக்கே ஓட்டுநர் கதவு, மேற்கே வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் கதவு. நுதலிய பொருள்: இன்றைய ஸ்டீரியோ செட்டை அன்றைய ஒயரிங்கோடு சேர்த்துவைத்தல். களம்: தெருமுனைப் புங்கமரத்தடி. காலம்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். காரணம்: "திருவண்ணாமலை வரைக்கும் இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு வரணுமா?" என்று மனைவி கேட்ட கேள்வி. பயன்: கடைசி இயலில் காண்க, முன்கூட்டியே பார்த்து ஏமாற வேண்டாம்.

2. முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் முதல் ஆசிரியர்களில் ஒருவர் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின். 1930இல் தம் நிறுவனம் செய்த ரேடியோவைத் தம் ஸ்டுடிபேக்கர் காரில் பொருத்தி, ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாடு நடந்த அட்லாண்டிக் சிட்டிக்கே ஓட்டிப் போனார். உள்ளே கடை போட இடமில்லை. வெளியே காரை நிறுத்திச் சத்தத்தைக் கூட்டிவைத்தார், கூட்டம் கூடிவிட்டது. அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர்தான் மோட்டோரோலா. கடன் கேட்கப் போன வங்கிக்காரரின் பாக்கார்ட் காரில் ரேடியோவை இலவசமாகப் பொருத்திக் கொடுக்க, அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றிக்கொண்டது என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, இத்துறையின் இரு பெரும் விளைவுகளான பாட்டும் புகையும் தொடக்கத்திலேயே அதில் வந்துவிடுகின்றன.

நம் வண்டியின் மரபு வேறு. அம்பாசிடர் என்பது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கில மூலத்தின் வழிநூல். வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை, சிறுசிறு திருத்தங்களோடு மறுபதிப்பு கண்டது. மூலத்தின் மின்சாரப் பகுதி லூகாஸ் மரபைச் சேர்ந்தது. அந்த லூகாஸ் 1961இல் டி.வி.எஸ்.ஸோடு கைகோத்து இறங்கிய இடம் சென்னையை அடுத்த பாடி. பாடியோ, திருவலிதாயம் என்ற பெயரில் சம்பந்தர் பாடிய தலம். ஆக, பாடல் பெற்ற தலத்திலேயே கார் மின்சாரமும் குடியேறியிருக்கிறது. எலக்ட்ரீஷியன்கள் வண்டியின் இரும்பு உடம்பையும் 'பாடி' என்றே சொல்வார்கள். மைனஸ் ஒயரை அந்த உடம்பில் முடுக்கினால் அது பாடி எர்த். எர்த் சரியாக விழுந்தால் செட் பாடி மகிழும். ஊர், உடம்பு, வினையெச்சம் என மூன்று பொருளையும் இந்த ஒரே சொல் தாங்கி நிற்பதை இதுவரை எந்த அகராதியும் சேர்த்துக் காட்டவில்லை என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. நூற்பாவும் உரையும்

செட்டின் பின்னாலிருந்து ஒரு கொத்து ஒயர் தொங்கும். அதற்கான நூற்பாவை நானே யாத்திருக்கிறேன்:

மஞ்சள் மறவாது; சிவப்புச் சாவியொடு துஞ்சும்;
கறுப்பு மண்ணாம், ஏனைய பாடும்.

இதன் பொருள்: மஞ்சள் ஒயருக்கு எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். நேரம், எந்த ஸ்டேஷன், எவ்வளவு சத்தம் ஆகியவற்றை நினைவில் வைப்பது அது. ஆகவே 'மறவாது' என்றார். சிவப்பு ஒயருக்கு, சாவி திரும்பியிருக்கும்போது மட்டும் மின்சாரம் வர வேண்டும். ஆகவே 'துஞ்சும்' என்றார். கறுப்பு எர்த். 'ஏனைய' என்றது ஸ்பீக்கர் ஒயர்களை: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட இணை ஒன்று உண்டு. கோடு போட்டது மைனஸ். நீலம் ஏரியலையோ ஆம்ப்ளிஃபயரையோ எழுப்பும் தூதன். அது மின்சாரம் வாங்காது, கொடுக்கும். ஊதா என்பது நீலமே என்பாரும் உளர், கத்தரிப்பூ நிறம் என்பாரும் உளர். இப்பிணக்கால் பின் வலது ஸ்பீக்கர் ஊமையான வண்டிகள் பல.

மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிச் சாவி வழியே கொடுத்தால் என்ன என்று கேட்பின், சாவியை எடுத்ததும் செட் தன் பிறப்பையே மறந்துவிடும். இரண்டையும் நேரே பேட்டரியில் கொடுத்தால் என்ன எனின், அணைக்க மறந்த ஓர் இரவுக்குப் பின் காலையில் தெருவே கூடி வண்டியைத் தள்ளும்.

4. பலபொருள் ஒருசொல்

இனி இவ்வாய்வின் மையம். ஒரே நிறம் இரு மரபுகளில் வெவ்வேறு பொருள் தரும். செட்டின் மொழி வேறு, வண்டியின் மொழி வேறு.

லூகாஸ் மரபில் பழுப்பு பேட்டரியிலிருந்து வரும் தாய் ஒயர். வெள்ளை சாவிக்குப் பின் வருவது. ஊதா ஃபியூஸ் வழியாக எப்போதும் உயிரோடிருப்பது, பச்சை ஃபியூஸ் வழியாகச் சாவிக்குக் கட்டுப்பட்டது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு. இதை அறியாத ஒருவர், இனம் இனத்தோடு சேரும் என்று நம்பி வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தால், முன் இடது ஸ்பீக்கரின் வாயில் 12 வோல்ட் பாயும். பச்சையோடு பச்சையும் ஊதாவோடு ஊதாவும் சேர்ந்தாலும் கதி அதுவே. சிவப்போடு சிவப்பைச் சேர்த்தால் மட்டும் எதுவும் எரியாது. பார்க்கிங் விளக்கைப் போட்டால்தான் பாட்டு வரும், அவ்வளவே. அதாவது, இருட்டினால் பாடும், விடிந்தால் அடங்கும். சாவியைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

இது ஏட்டறிவு அன்று, அனுபவம். முதல் ஞாயிறு மாலை எல்லாம் சரியாகப் பாடியது. திங்கள் காலை பாடவில்லை. செவ்வாய் இரவு மறுபடி பாடியது. செட்டுக்கு மாலைக்கண்ணின் எதிர்ப்பதமான ஏதோ ஒரு நோய் என்றே முதலில் குறித்துவைத்தேன்.

இரு மரபும் ஒத்துப்போவது கறுப்பில் மட்டுமே. அதையும் முழுதாக நம்ப முடியாது. 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் முடுக்கப்பட்டிருக்கும். அங்கே கறுப்பு என்பது பிளஸ். செட்டின் இரும்புக்கூடும் அதன் மைனஸும் ஒன்றே என்பதால், அப்படிப்பட்ட வண்டியின் டேஷ்போர்டில் திருகாணி போட்டு முடுக்கினாலே போதும், ஷார்ட். எனவே நிறத்தை நம்பாதே, டெஸ்ட் லாம்ப்பை நம்பு என்பதே முடிந்த முடிபு. ஒரு பல்பும் ஒரு ஊசியும் இரண்டு முழ ஒயரும் உடைய அக்கருவியைப் போல் பொய் பேசாத உரையாசிரியரை நான் கண்டதில்லை.

5. இடைச்செருகல்கள்

இரண்டாம் ஞாயிறு, எலக்ட்ரீஷியன் அண்ணன் டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டார். கால்கள் சீட்டின் மேல், தலை கிளட்சுக்குப் பக்கத்தில். ஒரு நிமிடம் மௌனம். பிறகு எல்லா எலக்ட்ரீஷியன்களுக்கும் பொதுவான அந்த மகாவாக்கியம் கேட்டது:

"யாரு சார் இத பண்ணது?"

தொல்காப்பியத்துக்கு முதலில் உரை எழுதிய இளம்பூரணரைச் சொல்லதிகாரத்தில் சேனாவரையர் மறுத்தார். குறளுக்கு முன்பே உரை கண்ட மணக்குடவரைப் பரிமேலழகர் பெயர் சொல்லாமலே பல இடங்களில் இடித்தார். முன்னவன் செய்தது பிழை என்று காட்டாமல் உரை தொடங்குவது இம்மண்ணின் வழக்கமில்லை. எலக்ட்ரீஷியனின் வாக்கியமும் இம்மரபின் தொடர்ச்சியே. அது கேள்வி போலத் தோன்றினாலும் விடை வேண்டி நிற்பதன்று.

ஆயினும் நான் விடை சொன்னேன். "முன்னாடி வச்சிருந்தவர் பண்ணதுண்ணே" என்றேன். இதைப் பிறகு பார்ப்போம்.

அவர் இழுத்துப் போட்ட ஒயர்களை, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டதுபோல் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தோம். முதல் அடுக்கு கம்பெனி ஒயரிங்: வெயிலும் தூசியும் பட்டு எல்லா நிறமும் ஒரே நிறமாகி, தொட்டால் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டாம் அடுக்கு கேசட் காலத்தது: பற்ற வைத்த ஈயம், பாம்புச்சட்டை போல் உரியும் கறுப்பு டேப், உள்ளே எலி சேர்த்துவைத்த பஞ்சு. ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ஒயர்தான் போயிருந்தது. மறுமுனை டிக்கி இரும்பில் ஒரு திருகாணியில் நின்றது. அந்தக் காலத்து செட்டுகள் பலவற்றுக்கு அதுவே போதும். திரும்பி வர பாடியே வழி. இன்றைய செட்டுக்கு அது விஷம். இப்போது ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் ஆம்ப்ளிஃபயர் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு இரு பக்கமும் மாறி மாறித் தள்ளும். அதன் மைனஸ் எர்த் அன்று. அதைப் பாடியில் வைத்தால் உள்ளே இருக்கும் ஐ.சி. முதல் பாட்டின் பல்லவியைக்கூடத் தாண்டாது.

மூன்றாம் அடுக்கு மிகப் புதியது. ஒயரின் உறை பல்லால் சீவப்பட்டிருந்தது. முடிச்சின் மேல் இன்சுலேஷன் டேப்புக்குப் பதில் புண்ணுக்கு ஒட்டும் துணி பிளாஸ்திரி. அண்ணன் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இவன் டாக்டரா சார்?" என்று கேட்டார். நான் புங்கமரத்தைப் பார்த்தேன்.

6. உயர்வு நவிற்சி அணி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் செட்டை வாங்கியபோது பெட்டியின் மேல் '50 வாட்ஸ் x 4' என்று அச்சிட்டிருந்தது. மெய்க்கீர்த்திகளைப் படிக்கும் முறையில்தான் இதையும் படிக்க வேண்டும். ஓடும் வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதைக் கொண்டு பிசிறில்லாமல் தள்ள முடிவது, ஏட்டுக் கணக்கிலேயே, ஒரு சேனலுக்கு ஏறத்தாழ 26 வாட்தான். நடைமுறையில் இருபதுக்குப் பக்கம். அலை முழுதும் சதுரமாக வெட்டுப்பட்டு, பாட்டு இரைச்சலாக மாறும் கடைக்கோடியில்தான் 52 வாட் வரும். அந்த 52இலிருந்து அடக்கமாக இரண்டைக் கழித்து ஐம்பது என்று போட்டிருக்கிறார்கள். மேலும் செட்டின் முதுகில் இருந்தது 10 ஆம்பியர் ஃபியூஸ். 14.4ஐப் பத்தால் பெருக்கினால் 144. உள்ளே 144 வாட் போய், வெளியே 200 வாட் வருமாயின் அதைத் தலபுராணத்தில் சேர்ப்பதே முறை.

இருப்பினும் ஸ்பீக்கர் பொருத்தும்போது அண்ணன் செய்த ஒரு சோதனையைப் பதிவு செய்ய வேண்டும். பிளஸ், மைனஸ் குறி அழிந்துபோன ஸ்பீக்கரின் இரு முனையிலும் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். கோன் முன்னால் எம்பினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே பிளஸ். உள்ளே போனால் மாற்று. "ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் போனா பேஸ் செத்துடும் சார். ரெண்டு மாடு ரெண்டு பக்கம் இழுத்தா வண்டி நகருமா?" என்றார். ஒலியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவது இவ்வளவே.

7. முடிபும் பயனும்

மூன்றாம் ஞாயிறு செட் பாடியது. பகலிலும் பாடியது. திருவண்ணாமலை போய் வந்தோம். ஒரே ஒரு குறை. ஹாரன் அடித்தால் செட்டின் கடிகாரம் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுகிறது. காரணம் எளிது. மஞ்சள் ஒயருக்கான மின்சாரத்தை ஹாரனுக்குப் போகும் பழைய ஒயரிலிருந்தே எடுத்திருக்கிறோம். நாற்பது வயது ஒயர் ஹாரனின் பசிக்கே ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்கும்போது செட் நினைவிழக்கிறது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டால் தீரும். அண்ணன் அதைத்தான் சொன்னார். அடுத்த ஞாயிறு என்றேன். இது நடந்து ஏழு ஞாயிறு ஆகிறது.

சென்னையில் ஐந்து நிமிடம் ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்ட முடியாதாகையால், என் காரில் மணி 12:04ஐத் தாண்டியதில்லை. ஆகவே ஆறு நாட்கள் அதற்கு ராகுகாலமே இல்லை. புதன்கிழமை மட்டும் ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. அன்று நாள் முழுதும் அதிலேயே ஓடுகிறது.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு ஒயர் மிச்சமிருந்தது. செட்டிலிருந்து வந்ததன்று, வண்டியினுடையது. எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. "கழட்டினா இஞ்சின் நிக்குது சார். எதுக்குன்னு தெரியல. இருந்துட்டுப் போகட்டும்" என்று அதன் தலையில் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார் அண்ணன். பொருள் விளங்காத அடியைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைப்பது நல்ல பதிப்பாசிரியனின் இலக்கணம்.

மூன்றாம் அடுக்கைப் பற்றி ஒரு சொல். வண்டி என் கைக்கு வந்தபோது அந்த அடுக்கு இல்லை. பல்லும் பிளாஸ்திரியும் என்னுடையவை. அண்ணன் முகத்துக்கு நேரே இதைச் சொல்லத் துணிவில்லாததால், இக்கட்டுரையின் படி ஒன்றை மடித்து ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். இனி எந்த எலக்ட்ரீஷியன் தலைகீழாகப் படுத்து "யாரு சார் இத பண்ணது?" என்று கேட்டாலும், கையை விட்டால் விடை கிடைக்கும். அப்போதும் மணி பன்னிரண்டு நாலுதான் ஆகியிருக்கும்.