மலிவுக் கணினி செய்து உலகைத் திருத்துவது எப்படி?

கைக்கு அடக்கமாக, கைக்கு எட்டும் விலையில், இணையத்தோடு ஒரு லேப்டாப் செய்து ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றத் துடிக்கும் அன்பரே, வாழ்க! இந்த வழியில் உங்களுக்கு முன்னால் போனவர்கள் ஆறு பாடங்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். வரிசை மாறாமல் கடைப்பிடிக்கவும்.

1. முதலில் விலையைச் சொல்லுங்கள்

பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பெண் தேடுகிற மாதிரிதான். எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் '100 டாலர் லேப்டாப்' என்று அறிவித்தார். 2007-இல் பொருள் கைக்கு வந்தபோது விலை 200 டாலரை நெருங்கியிருந்தது. யாராவது கேட்டால், அது விலை இல்லை, செல்லப் பெயர் என்று சொல்லிவிடலாம்.

2. காமிராவுக்கு ஏதாவது வையுங்கள்

மின்சாரம் இல்லாத ஊருக்காக அந்த லேப்டாப்பின் மாதிரியில் ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். பழைய தையல் மிஷினைப்போலச் சுற்றினால் கரண்ட் வரும். 2005 நவம்பரில் துனிஸ் மாநாட்டு மேடையில் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் அதைச் சுற்றினார். கரண்டுக்கு முன்னால் கைப்பிடி வந்துவிட்டது, கையோடு. விற்பனைக்கு வந்த கணினியில் அந்தக் கைப்பிடியே இல்லை. பாடம்: பெரியவர்களை ரிப்பன் வெட்ட மட்டும் அழையுங்கள்.

3. வேண்டாததைக் கழியுங்கள்

இதில் நம் நடுவண் அரசை மிஞ்ச ஆளில்லை. 2009 பிப்ரவரியில் பத்து டாலர், அதாவது சுமார் 500 ரூபாய் லேப்டாப் திருப்பதியில் அறிமுகமாகிறது என்று நாடே அந்தத் திசையைப் பார்த்துக் காத்திருந்தது. மூடியைத் திறந்தால், திரை இல்லை, கீபோர்டு இல்லை, தகவல் சேமிக்கும் ஒரு பெட்டி! இரண்டரை ஆண்டு கழித்து 'ஆகாஷ்' டேப்லெட்டில் திரையைச் சேர்த்தார்கள். தொட்டால் போதாது, அழுத்த வேண்டும்.

4. சின்னதாகச் செய்யுங்கள்

தைவானின் அசூஸ் நிறுவனம் 2007 அக்டோபரில் 'ஈ பிசி'யை இறக்கியது. ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை, 4 ஜிபி சேமிப்பு, லினக்ஸ். 900 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பிராசஸரை 630-க்கு இழுத்துப் பிடித்திருந்தார்கள். வண்டிமாட்டுக்கு மூக்கணாங்கயிறு போல. ஆனாலும் பிய்த்துக்கொண்டு விற்றது. 'நெட்புக்' என்று ஓர் இனமே உருவானது. ஏழைப் பிள்ளைக்கென்று கிளம்பிய யோசனை, ஏற்கெனவே ஒரு லேப்டாப் வைத்திருந்தவரின் பைக்குள் இரண்டாவதாகப் போய் உட்கார்ந்தது.

5. விற்றதும் பெரிதாக்குங்கள்

எழுத்து தெரியவில்லை என்றார்கள், ஏழு அங்குலம் ஒன்பதானது. விரல் இடிக்கிறது என்றார்கள், பத்தானது. பிறகு யாரும் எதுவும் சொல்லாமலே பன்னிரண்டானது. கூடவே ஹார்டு டிஸ்க் வந்தது, விண்டோஸ் வந்தது, விலையும் ஏறியது. எதற்கு மாற்றாகப் பிறந்ததோ அதன் சட்டையையே போட்டுக்கொண்டு நின்றது நெட்புக். வித்தியாசம் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்'. அதில் வால்பேப்பரை மாற்ற முடியாது. மலிவாக வாங்கியவர், தன் பிள்ளையின் படத்தைத் திரையில் வைக்க ஆசைப்படும்போதெல்லாம் தான் கொடுத்த விலையை நினைத்துக்கொள்வார்.

6. கௌரவமாக வழியனுப்புங்கள்

2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, நெட்புக் எதிலும் சிறந்ததில்லை என்று சொல்லிவிட்டு ஐபேடை எடுத்துக் காட்டினார். ஆரம்ப விலை 499 டாலர். மலிவுப் பொருளைச் சாய்க்க அதைவிட மலிவான பொருள் வரும் என்று பயந்துகொண்டிருக்காதீர்கள். விலை கூடியதே போதும். மூன்று ஆண்டுக்குள் நெட்புக்குகள் பரணுக்குப் போய்விட்டன.

இத்தனைக்கும் பிறகு, 'இதனால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது?' என்று எவராவது கேட்டால் தயங்காதீர்கள். நெக்ரோபோன்டே சொன்ன கதை ஒன்று இருக்கிறது. கம்போடியாவில் மின்சாரமில்லாத ஒரு கிராமத்துப் பிள்ளைகளிடம் லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோருக்கு ஒரே சந்தோஷம். அந்த வீட்டிலேயே அதிக வெளிச்சம் தந்தது அதன் திரைதானாம்.

ஆகவே அன்பரே, கணினி சரியாக வராவிட்டால் மனம் தளராதீர்கள். அந்த வீட்டுக்கு ஒரு நல்ல விளக்கு செய்து கொடுங்கள். அது நிச்சயம் நூறு டாலருக்குள் அடங்கும்.