வான்கோழியும் வரனும்

1981இல் நியூயார்க் மாநிலத்து ஐபிஎம் ஆய்வகத்தில், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் எக்ஸைமர் லேசரைச் சோதித்துப் பார்த்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் மீது. அதனிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கவில்லை. இன்று அதே வகை லேசர், கருவிழியின் மேலுள்ள அரை மில்லிமீட்டர் படலத்தைச் செதுக்கிக் கிட்டப்பார்வையைப் போக்குகிறது.

நம்மூரில் செதுக்கலாமா என்று முடிவு செய்பவர் கல்யாணத் தரகர். "பொண்ணு கண்ணாடி போடுமோ?" என்று மாப்பிள்ளையின் அம்மா இழுத்தால் போதும், மறுவாரமே ஸ்கேன். (மாப்பிள்ளையின் மைனஸ் ஐந்து, படிப்பாளிக் களை.) கண் வறளலாம், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம் என்பதெல்லாம் படிவத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து எப்படியும் வந்துவிடும். செதுக்காமல் விட்டிருந்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பொடி எழுத்தை நிதானமாகப் படித்திருக்கலாம்.