பெல்ட்டுக்கு வயது உண்டு

கேள்வி: எட்டு வருடத்தில் என் கார் 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. ஆனாலும் மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம். கார் ஷெட்டில் தூங்கினாலும் ரப்பருக்குப் பிறந்தநாள் வந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் கிலோமீட்டர், வருடம் என்று இரண்டு கெடு வைத்து, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். விரிசல் இல்லையே என்பது நல்ல கேள்விதான். ஆனால் இன்றைய பெல்ட்டுகள் வெளியே பளபளக்கும்போதே உள்ளிருக்கும் கண்ணாடி இழைகள் தளர்ந்திருக்கலாம். பிரேக் போலக் கிறீச்சிட்டு எச்சரிக்கும் குணமும் பெரும்பாலும் இதற்குக் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று என்ற கணக்கைக் காப்பது இந்தப் பட்டைதான். அது அறுந்தால், பல எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வுகள் மீது பிஸ்டன் மோதும். வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்; அந்தச் செலவோடு ஒப்பிட்டால் பெல்ட் மாற்றும் செலவு சிறியது. அதிலும் பெரும்பகுதி கழற்றி மாட்டும் கூலிதான் என்பதால், டென்ஷனரையும், அதே பெல்ட்டில் சுற்றினால் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சில எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும். உங்களுடையது பெல்ட்தான் என்பதால், கையேட்டில் அதற்குரிய கெடுவை இன்றே பாருங்கள். தாண்டியிருந்தால் நெடும்பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.