உள்ளே வெற்றிடம், வெளியே வலிமை

கேள்வி: வடசென்னையில் மூலக்கொத்தளம் பக்கம் மொட்டைமாடிக் கொட்டகைகளெல்லாம் இப்போது சதுர இரும்புக் குழாயில்தான் நிற்கின்றன, உள்ளே ஒன்றுமில்லாத குழாய் எப்படிப் பாரம் தாங்கும்?

பதில்: பாரத்தால் வளையும் இரும்பில் தகைவு, அதாவது உள்ளே எழும் எதிர்விசை, வெளிவிளிம்பில் மிகுந்தும் நடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருப்பதால், நடுவிலுள்ள இரும்புக்கு வேலை குறைவு. 50 மி.மீ. பக்கமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள குழாயை உருக்கி, அதே நீளத்தில் கெட்டியான சதுரக் கம்பியாக வார்த்தால், அதன் பக்கம் 20 மி.மீ.கூட வராது, வளைவை எதிர்ப்பதில் குழாயோ அக்கம்பியைவிட ஏறத்தாழ 12 மடங்கு விறைப்பானது. ஆனால் அந்த வெற்றிடத்துக்குள் துறைமுகப் பகுதியின் உப்புக்காற்று திறந்த வாய் வழியே புகுந்தால், வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே துரு உட்புறத்தைத் தின்றுவிடும் என்பதால், கொட்டகை போடுவோர் குழாயின் இரு வாயையும் தகடு வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்து அடைத்த பிறகே பெயிண்டரை அழைக்க வேண்டும்.