போன் இருக்க, பின்னம் எதற்கு?

கேள்வி: ஐந்தாவது படிக்கும் என் மகன், “போன்லயே கால்குலேட்டர் இருக்கே, பின்னம், வாய்பாடெல்லாம் எதுக்கும்மா?” என்று மடக்குகிறான். என்ன சொல்ல?
– ஒரு வாசகி, மாதாப்பூர், ஐதராபாத்.

பதில்: சைபர் டவர்ஸ் நிழலில் வளரும் பிள்ளை வேறென்ன கேட்பான்! ஆனால் 2020-ல் மைண்ட் ஸ்போர்ட்ஸ் ஒலிம்பியாடில் மனக்கணக்குக்குத் தங்கம் வென்ற நீலகண்ட பானு பிரகாஷும் உங்கள் ஊர்க்காரர்தான். அவரிடமும் போன் இருந்திருக்கும்.

எல்லாரும் பானு ஆக வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை நெட்டுருப் போட்ட பொடியன்கள், முந்திரி வரை, அதாவது 320-ல் ஒரு பங்கு வரை போனார்கள். மா என்றால் 1/20, காணி 1/80; இரண்டையும் கூட்டினால் மாகாணி. அது எவ்வளவு என்று மகனைக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். (1/16 வரவேண்டும். நீங்கள் போனில் சரிபார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை.)

அப்படியும் மசியவில்லையா? துணிக்கடைக்குக் கூட்டிப்போய், ‘20% தள்ளுபடி, அதன்மேல் இன்னொரு 10%’ பலகையைக் காட்டி, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். 30 என்பான். உண்மையில் 28தான். குறைகிற இரண்டு சதவீதத்தை அவன் பாக்கெட் மணியில் பிடியுங்கள்; வாய்பாட்டுப் புத்தகத்தை அவனே தேடுவான்.